செசிலியின் மோதிரம் விழுந்த இடம்

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மிஷின் நல்லது என்பதுதான். மீதிப் பேர், புள்ளலூர்ப் பக்கம் பழைய காலத்தில் போர் நடந்ததாமே, அங்கே புதையல் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரே மிஷினை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் ஓட்டினேன். இரண்டாவது கேள்வி கேட்டவர்கள் தயவுசெய்து மிஷினைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதையல் தேடினால் போலீஸ் வரும். வந்தால் ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடக் கூடாது.

நம் வேலை புதையல் இல்லை. தொலைந்த மோதிரம், கம்மல், மெட்டி, தாயத்து. இவ்வளவுதான். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். தொலைத்தவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும் அது அற்பமா இல்லையா என்று. என் வலது தோள்பட்டை இனிமேல் மிஷினைத் தூக்கி வீச ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வேலையை விட்டுவிட்டேன். வாய் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கேளுங்கள்.

மிஷின் வாங்கின சூட்டில் நாம் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. போனதும் "எங்கே விழுந்தது?" என்று கேட்கிறோம். எங்கே விழுந்தது என்று தெரிந்தால் நம்மை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? ராஜகுளத்தில் ஒரு டீச்சர், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மோதிரம் விழுந்ததென்று அடித்துச் சொன்னார். ஒரு காலை முழுக்க அவர் தோட்டத்தைச் சீப்பால் வாருவதுபோல வாரினேன். மோதிரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு மடிப்பில் இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த கையைத் துடைத்திருக்கிறார், மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எண்ணெய் வைத்தது அவருக்கு ஒரு காரியமாகவே மனதில் பதியவில்லை. ஆகவே நான் எங்கே என்று கேட்பதை அன்றோடு விட்டேன். கை என்ன செய்தது என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்கவும் வழியில்லாமல் நான் திணறிப்போன ஒரு நாளைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஒரு பாய் மளிகைக்கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் கூலி வேலைக்குப் போகிற ஜனங்களுக்கு அவர் கடையிலிருந்த இரும்புப் பெட்டிதான் பீரோ. கூரை வீடு, பூட்டு கிடையாது, புருஷன் பெண்டாட்டி இருவரும் வயலுக்குப் போய்விடுவார்கள். அதனால் ரேஷன் கார்டு, பிள்ளையின் கொலுசு, வீட்டுமனைப் பட்டா என்று எல்லாவற்றையும் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்து வைப்பார்கள். அவரும் யாருடையது எது என்று ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

அப்படிக் கொடுத்து வைத்தவர்களில் ஒருத்தி செசிலி. களை எடுக்க, நாற்று நட என்று வயல் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப் பல வருஷம் ஆகிறது. கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்து அவன் விரலில் போட்ட மோதிரம் மட்டும் மிச்சம். மெல்லிசான தங்கம், மேலே சின்னதாக ஒரு சிலுவை. பையன் கல்யாணத்துக்குக் கேட்பேன், அதுவரைக்கும் வைத்திரு என்று பாயிடம் கொடுத்திருந்தாள். அப்பன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் பையன் பீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்துவிட்டார்கள். சேதி கேள்விப்பட்டு பாய் பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்து வெளியே வைத்த அன்றைக்கே அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் மறக்காதாம். மகன் சலீமைக் கூப்பிட்டு, "இது அமானிதம். செசிலி கையில குடுத்துடு" என்றிருக்கிறார். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதை அப்படியே உடையவரிடம் சேர்த்தாக வேண்டும். சேர்க்காமல் செத்துப்போனால் போகிற இடத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று ராத்திரியே பாய் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் சலீம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முப்பது வயது ஆள். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, ஒரு பொருள் போயிட்ச்சி. நீங்கதான் கண்டுபுடிச்சித் தரணும்."

"இன்னா பொருளு?"

சொன்னான். தகப்பனின் உடலைக் குளிப்பாட்டும்போது விரலிலிருந்து மோதிரத்தை அவன்தான் கழற்றியிருக்கிறான். இடுப்பில் நனைந்த லுங்கி, ஜேபி கிடையாது. கீழே வைத்தால் காணாமல் போகும் என்று தன் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டான். பிறகு சட்டை மாற்றினான், ஆனால் மோதிரத்தை மாற்றத் தோன்றவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால், அதை நடத்தும் ஹஜ்ரத் எழுந்து, இறந்தவர் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் மகனைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். எல்லா அடக்கத்திலும் அப்படிச் சொல்வது வழக்கம். சலீம் அத்தனை பேருக்கு முன்னால் கையைத் தூக்கி, நான் பொறுப்பு என்றிருக்கிறான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் காலி.

"மூணு புடி மண்ணு அள்ளிப் போட்டேன்கா. அதோட போயிருக்கும். அத்தா கபர்லதான்கா கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிணற்றில் இறங்கித் தேடியிருக்கிறேன், சாக்கடையைக் கலக்கியிருக்கிறேன். ஒரு நாள் முன்னால் மூடிய கபரில், ஒரு மனுஷரைப் புதைத்த குழியில், நான் மிஷின் போட்டதில்லை. இருந்தாலும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. மண்ணை அள்ளிப் போட்ட கையிலிருந்து மோதிரம் கழலுமா? மண் பட்ட விரல் சொரசொரப்பாக ஆகிவிடுமே. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கபர்ஸ்தான் வாசலில் ஹஜ்ரத் நின்றிருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். மிஷினோடு நான் உள்ளே காலை எடுத்து வைத்ததும், "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்களே இங்க உள்ள வர்றது வழக்கம் இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் சொல்வானேன், இன்று நினைத்தாலும் வரும். கூப்பிட்டது நீங்கள், மிஷின் என்னுடையது, வாசலில் நிற்க வைத்தால் நான் என்னத்தைத் தேடுவது? ஆனால் அது அவர்கள் இடம், அவர்கள் துக்கம். "சரி ஹஜ்ரத், நான் மதிலுக்கு இந்தாண்டயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மதில் இடுப்பளவுதான். பாயின் கபர் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. புது மண், மேலே காயாத பூ. மதில் மேலாகவே மிஷினை சலீமிடம் நீட்டி எப்படிப் பிடிப்பது, எவ்வளவு மெதுவாக ஆட்டுவது என்று சொல்லிக்கொடுத்தேன். குழி வெட்டுகிறவரும் மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

தலைமாட்டில் சத்தம் இல்லை. நடுவில் இல்லை. கால்மாட்டுக்குப் பக்கம் வந்ததும் மிஷின் கத்தியது. நல்ல தெளிவான சத்தம். மதிலுக்கு இந்தப்பக்கம் என் காதிலேயே விழுந்தது.

"அக்கா!" என்றான் சலீம். மிஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் வாங்கினான்.

"இருப்பா" என்று ஹஜ்ரத் தடுத்தார். "அடுத்தவங்க பொருளு கபர்ல உளுந்துட்டா தொறக்கலாம்னு எங்க மார்க்கச் சட்டத்துல எடம் கீது. இல்லன்னு நான் சொல்லல. ஆனா உளுந்திச்சின்னு உறுதியா தெரியணும். சந்தேகத்துக்குத் தொறக்கக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அது மோதிரந்தானா?"

சலீம் என்னைப் பார்த்தான். குழி வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழக் காத்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். மெல்லிசான தங்க மோதிரத்துக்கு மிஷின் போடுகிற சத்தமும், பன்னீர் பாட்டில் மூடியின் அலுமினியத் தகட்டுக்குப் போடுகிற சத்தமும் ஒன்றேதான். முந்தின நாள் அந்தக் கபரில் பன்னீர் தெளித்திருப்பார்கள். அது மூடியா, மோதிரமா? எனக்குத் தெரியாது. மிஷின் உலோகம் என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் பெயர் வைக்கிறவர்கள் நாம்தான். அந்த நேரத்தில் "மோதிரந்தான்" என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான்.

"தெரியாது ஹஜ்ரத்" என்றேன்.

"மேலாப்புலதானேக்கா சத்தம் வருது? ஒரு சாண் தள்ளிப் பாத்துட்டு மூடிடலாம்கா" என்று சலீம் கெஞ்சினான்.

"ஒரு சாண்ல கெடைக்கலன்னா?"

அவன் மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கெடைக்கலன்னா இன்னொரு சாண் தோண்டுவே. அதுலயும் இல்லன்னா கை நிக்குமா உனக்கு? இப்ப மோதிரம் உன்னை அறுக்குது. அப்புறம் ஆயுசுக்கும் இது அறுக்கும். மண்வெட்டியக் கீழ வை."

கோபமாகத்தான் சொன்னேன். வைத்துவிட்டான். மண் கையிலிருந்து மோதிரம் கழலுமா என்ற குறுகுறுப்பு மட்டும் என்னை விடவில்லை. அவனை மதிலோரம் கூப்பிட்டு, அடக்கத்தில் என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். சந்தூக் என்கிற பாடைப் பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கி வந்தது, குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்தது, மூன்று பிடி மண், அதற்கப்புறம் துஆ என்கிற பிரார்த்தனை, வீடு. கடகடவென்று ஒப்பித்தான். மோதிரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்றால் நினைவில்லை என்றான். தகப்பனைப் புதைத்துவிட்டு நிற்கிறவனுக்கு விரலா நினைவிருக்கும்?

வாயால் கேட்டு இனிப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது. "ஹஜ்ரத், நேத்து மண்ணு மூடினதும் செஞ்ச துஆவை இன்னொரு தடவ செய்ய முடியுமா? நேத்து நின்ன எடத்துலயே இவனை நிக்க வெச்சி" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மௌத்தாப் போனவங்களுக்கு எத்தினி தடவ வேணும்னாலும் துஆ செய்யலாம்மா" என்றார்.

அவர் தலைமாட்டில் நின்றார். சலீம் அவருக்கு இடப்பக்கம் போய் நின்றான். குழி வெட்டுகிறவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். சலீம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்திருந்தான். துஆ முடிந்து மற்ற இருவரும் கையை முகத்தில் தடவிக்கொண்டார்கள். சலீம் தடவவில்லை. விரித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருந்திச்சிக்கா" என்றான்.

"இன்னாபா சொல்ற?"

"நேத்து இப்படிப் புடிச்சிக்கினு நிக்கும்போது இருந்திச்சி. லூசா சுத்திக்கினு சிலுவை உள்ளங்கைப் பக்கம் வந்துட்ச்சி. துஆல கைய விரிச்சேன், நேரா கண்ணுல பட்டுது. கட்டைவெரலால அந்தாண்ட தள்ளிவுட்டேன்கா. மண்ணு மூடினப்புறந்தான்கா இது!"

ஹஜ்ரத் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கபருக்குள் மோதிரம் இல்லை. அப்படியானால் கால்மாட்டில் கத்தியது என்ன? யாருக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"துஆக்கு அப்புறம் கைய இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பைப்புல களுவிக்கினு வந்துட்டேன்."

குழாயைச் சுற்றி சலீம் தேடினான். ஒரு ஆணி தவிர எதுவும் இல்லை. அப்போது ஹஜ்ரத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "களுவினதும் வாசல்ல நின்னு எல்லாருக்கும் முஸாபஹா குடுத்தியேப்பா."

முஸாபஹா என்றால் இரண்டு கையாலும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வது. கடைத்தெருவே வந்திருந்த அடக்கம். வந்தவர்கள் அத்தனை பேரும் ஈரம் காயாத அந்தக் கைகளைப் பிடித்து அழுத்தி இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சலீமுக்கு ஒரு முகம்கூட நினைவில்லை.

வாசலுக்கு வெளியே என்றால் அது என் இடம். மிஷினை வாங்கிக்கொண்டேன். சலீம் நின்ற இடத்தில் பாட்டில் மூடியும் பீடிக்கட்டின் தகடும்தான் வந்தன. அவன் முகம் மறுபடி வாடியது. "அங்க கெடைக்காதுபா. அத்தினி கால் மிதிச்ச எடத்துல சின்னப் பொருளு அசையாம இருக்குமா? எல்லாரும் எந்தப் பக்கம் போனாங்கோ?" என்று கேட்டேன். கடைத்தெருப் பக்கம் கையைக் காட்டினான். அந்தத் திசையில் வேப்பமரத்தடியில் செருப்புகளை விட்டிருந்த இடம், அதைத் தாண்டி வண்டிகள் திரும்புகிற மண்பாதை. பாதை ஓரத்தில் வண்டிச் சக்கரம் பதிந்த தடத்தில் மிஷின் கத்தியது. கபர் மேல் கத்திய அதே சத்தம். கையால் கிளறினேன். மண்ணோடு மண்ணாக, கொஞ்சம் நசுங்கி முட்டை வடிவத்தில், சிலுவையோடு வந்தது.

எத்தனையோ மோதிரம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியிருந்தால் தகப்பன் கபரை அவன் கையாலேயே வெட்ட வைத்திருப்பேன், மோதிரமோ ரோட்டில் கிடந்திருக்கும்.

நாளைக்குத் தட்டானிடம் கொடுத்துச் சரிசெய்து கொடுக்கலாமே என்று ஹஜ்ரத் சொன்னார். சலீம் கேட்கவில்லை. இனி ஒரு நிமிஷம்கூடத் தன்னிடம் வைத்திருக்க முடியாது என்றான். மோதிரத்தை என் புடவை முந்தியில் முடிந்துகொள்ளச் சொல்லி வண்டியை எடுத்தான்.

செசிலி ஊருக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சலீமைப் பார்த்ததும் களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னா தம்பி, இந்த நேரத்துல? அம்மா சாப்ட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் முந்தியை அவிழ்த்து சலீமிடம் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் நீட்டினான். தொலைந்தது, தேடியது, தோண்டப் பார்த்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, எதுக்குபா அப்படி? மோதிரத்துக்காவ பாயப் போயி தோண்டுவாங்களா?"

"நேத்து பள்ளியில எல்லாரையும் கேட்டாங்களே, யாருக்காச்சும் குடுக்கணுமான்னு. நீ வந்து சொல்லியிருக்கலாமேக்கா."

"கேட்டுகினுதான் இருந்தேன். வெளிய மரத்தாண்ட நின்னுகினு இருந்தேன். நீங்கல்லாம் அழுதுகினு கீறீங்கோ, அப்போ போயி என் மோதிரத்தக் குடுன்னு வாயத் தொறப்பனா நானு?" மோதிரத்தைப் பாவாடையில் துடைத்து, நசுங்கலைத் தடவிப் பார்த்தாள். "நசுங்கினா இன்னா. என் புள்ள வெரலும் அவங்கப்பன் மாரியே கோணதான்."

சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "என்ன பாயி கீற எடத்துக்குக் கூட்டிகினு போவியா?"

உள்ளே விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். வெளியிலிருந்தே போதும் என்றாள். மூன்று பேரும் ஒரே வண்டியில் திரும்பி வந்தோம். காலையில் நான் நின்ற அதே மதிலோரம் அவள் வந்து நின்றாள். மண் ஒட்டிய கையில் மோதிரத்தைப் பிடித்து மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். களத்துமேட்டில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி சத்தமாகத்தான் பேசினாள்.

"பாயி! செசிலி வந்துகீறேன். என்னுது என் கைக்கு வந்துட்ச்சி, உன் புள்ள குட்துட்டான். உம்மேல பாக்கி ஒண்ணும் இல்ல. நீ நிம்மதியா தூங்கு."

தகப்பன் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் சலீம். மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை நானும் செசிலியும் அங்கேயே நின்றிருந்தோம்.